ஏற்றத்தில் எரிந்த விளக்கு

சாவி மெக்கானிக்கின் சட்டைப்பையில் இருந்தது. காருக்குள் ஈ, காக்கை இல்லை. ஆனாலும் பின்னால் இரண்டு பிரேக் விளக்குகளும் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தன.

பட்டப்பகல், மணி மூன்று. மதியம் முழுக்க முற்றத்து வெயிலில் நின்ற கார். சாப்பிடப் போகும்போது விளக்கு எரியவில்லை. கை கழுவிவிட்டு வந்தால் எரிகிறது, யாரோ உள்ளே உட்கார்ந்து பெடலை அழுத்திப் பிடித்திருப்பதுபோல.

ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தான். டிரைவர் சீட் காலி. அந்த சீட்டில் கடைசியாக உட்கார்ந்து ஓட்டியவன் அவன் அண்ணன். ஒன்பது வருடத்துக்கு முன், மலையிலிருந்து இறங்கும்போது, முதல் வளைவிலேயே பாறையில் மோதி இறந்துபோனான்.

பக்கத்துக் கடை எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டான்.

"என்ன மாப்ளே, மூஞ்சி ஏன் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு?"

"லைட் தானா எரியுதுடா. உன் ஒயரிங்தான்."

"என் ஒயரிங்ல தப்பு இருந்தா மீசையை எடுத்துடறேன்." குனிந்து பிரேக் சுவிட்சின் ஒயரைப் பிடுங்கினான். விளக்கு அணைந்தது. திரும்பச் செருகினான். எரிந்தது. "சுவிட்ச் ஜம்முனு இருக்கு. சாவி இல்லாட்டியும் ஆயில் பிரஷர் இருந்தா இது எரியத்தான் எரியும். அது உன் டிபார்ட்மென்ட். உள்ள எவனோ பிரேக்கை மிதிச்சிட்டு உக்காந்திருக்கான், போய் இறங்கச் சொல்லு!"

சிரித்துக்கொண்டே போய்விட்டான். மெக்கானிக்குக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்தக் கார் இத்தனை வருடம் அண்ணியின் ஷெட்டில் நசுங்கிய மூக்கோடு கிடந்தது. அண்ணன் மகள், வேலை கிடைத்ததும், "அப்பா காரைத்தான் ஓட்டுவேன்" என்று ஒற்றைக்காலில் நின்றாள். அண்ணி கடைசியில் தலையாட்டினாள், ஒரே நிபந்தனையோடு. "பிரேக்கை மட்டும் நீங்களே பாருங்க தம்பி. வேற யாரையும் தொட விடாதீங்க."

பெடலை மிதித்தால் ஆயிலைச் சக்கரங்களுக்குத் தள்ளும் பழைய மாஸ்டர் சிலிண்டர் மோதலில் நொறுங்கிப் போயிருந்தது. அது ஒற்றை அறை சிலிண்டர். ஒரு குழாய் கசிந்தால் நாலு சக்கரத்துக்கும் பிரேக் கிடையாது. இப்போது இரட்டை அறை கொண்டது வாங்கியிருந்தான். முன் சக்கரத்துக்கு ஒன்று, பின் சக்கரத்துக்கு ஒன்று. ஒன்று காலை வாரினாலும் மற்றது நிறுத்தும். டிரம் பிரேக்குக்கு ஏற்ற வால்வு போட்டு, குழாய்களை வளைத்து, காற்றை வெளியேற்றி, இன்று காலைதான் முடித்தான்.

கதவைத் திறந்து பெடலைக் கையால் அழுத்தினான். கல். ஒரு நூல்கூட இறங்கவில்லை.

அவன் பட்டறையின் பெருமையே அதுதான். 'தொட்டாப் பிடிக்கும்' என்று பெயர். பெடலுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் இருக்கும் தள்ளுகம்பிக்கு ஒரு அட்டை கனம் இடைவெளி விடவேண்டும் என்பது கம்பெனிக் கணக்கு. அவன் விடமாட்டான்; இன்று காலையும் விடவில்லை. அந்த இடைவெளியையும் மூடிவிட்டால் கால் பட்டதுமே பிரேக் விறைப்பாக நிற்கும்; வண்டிக்காரர்களுக்கு வாயெல்லாம் பல். சமதளத்தில் ஓடும் வண்டிகளில் டிரம்மை உரசிப் பிடிக்கும் லைனிங் கொஞ்சம் சீக்கிரம் தேயும், அவ்வளவுதான்.

இடைவெளி இல்லையென்றால் சிலிண்டருக்குள் ஆயிலைத் தள்ளும் பிஸ்டன் முழுதாகத் திரும்பாது. ஆயில் தொட்டிக்குத் திரும்பும் சின்னத் துளை மூடியே கிடக்கும். சூட்டில் ஆயில் விரியும், போக வழியிருக்காது. மிதிக்க ஆளே இல்லாமல் பிரேக் பிடிக்கும். விளக்கு எரியும்.

மெக்கானிக் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

அண்ணன் மோதிய அன்று பின்னால் வந்த லாரி டிரைவர் சொன்னது காதில் கேட்டது. "ஏத்தத்துலேயே அந்தக் காருக்கு பிரேக் லைட் எரிஞ்சுதுங்க." விசாரித்த போலீஸ்காரர் சிரித்துவிட்டார். "ஏத்தத்துல எவன்யா பிரேக் புடிப்பான்? நீ என்னத்தக் குடிச்சே?"

வளைவில் டயர் தேய்ந்த தடம் ஒரு சாண்கூட இல்லை. பிரேக் பிடிக்கவே இல்லை, அவனாகவே காரை மோதவிட்டான் என்று ஊர் காதைக் கடித்தது. அன்று காலையில் வீட்டில் சண்டை. "எங்கேயாவது தொலைஞ்சு போங்க" என்று அண்ணி கத்தியிருந்தாள். அதை ஒரே ஒருமுறை மெக்கானிக்கிடம் சொல்லி அழுதிருக்கிறாள். அப்புறம் அழுததே இல்லை.

அதற்கு முந்தின வாரம்தான் அண்ணன் காரின் பெடலை அவன் விறைப்பாக்கிக் கொடுத்திருந்தான்.

பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர் கையெட்டும் தூரத்தில் கிடந்தது. ஒன்றரைச் சுற்று தளர்த்தினால் விளக்கு அணையும். யாருக்கும் தெரியாது. அண்ணி இன்னும் முப்பது வருடம் அந்த ஒரு வார்த்தையைச் சுமந்துகொண்டு போவாள்.

ஸ்பேனரை எடுத்தான். கீழே வைத்தான். போனை எடுத்தான்.

"அண்ணி, பட்டறைக்குக் கொஞ்சம் வாங்க. தனியா."

கால் மணியில் வந்தாள். விளக்கைப் பார்த்ததும் வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"உள்ள யாரு?"

"யாருமில்ல அண்ணி. அன்னிக்கு ஏத்தத்துல எரிஞ்சதும் இதுதான். லாரிக்காரன் பொய் சொல்லல." "அண்ணன் மிதிக்கல. நான் மிதிச்சிருக்கேன்."

எல்லாவற்றையும் சொன்னான். ஏற்றம் முழுக்க பிரேக் உரசிக்கொண்டே போனதை, உச்சிக்குப் போவதற்குள் டிரம்கள் அடுப்பாகக் கொதித்ததை.

"இறங்கறப்போ?" என்றாள்.

"மிதிச்சிருப்பாரு அண்ணி. ரெண்டு காலாலயும் மிதிச்சிருப்பாரு. லைனிங் வெந்துபோயிருக்கும், வழுக்கியிருக்கும். டயர் சுத்தாம நின்னாத்தானே தடம் விழும்?"

அண்ணி பழைய டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்தாள்.

"நிறுத்தப் பார்த்திருக்காரு" என்றாள் கடைசியில்.

"ஆமா அண்ணி."

"எவ்வளவு இடைவெளி விட்டிருக்கணும்?"

அவன் டாஷ்போர்டுக்கு அடியில் நுழைந்து நட்டைத் தளர்த்திக் கம்பியைத் திருப்பினான். ஒரு சுற்று. இன்னொரு அரைச்சுற்று. தொட்டியில் ஆயில் களுக்கென்று கொப்பளித்தது. விளக்கு அணைந்தது.

"அவ்வளவுதானா?"

ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால் தேவலை. அவள் அழவும் இல்லை, திட்டவும் இல்லை. கைப்பையிலிருந்து போனை எடுத்தாள்.

"மறுபடியும் எரிய வைங்க."

"அண்ணி?"

"அப்பா நம்மளை வேணாம்னு விட்டுட்டுப் போயிட்டாருன்னு நினைச்சே வளர்ந்தவ அவ. வந்து பார்க்கட்டும். எப்படி எரியுது, யார் கையால எரியுதுன்னு பார்க்கட்டும். நீங்களே சொல்லுங்க, எனக்குச் சொன்ன மாதிரி." மகளின் நம்பரைத் தட்டினாள். "அவ வந்து பார்த்தப்புறம் சரி பண்ணுங்க."

அவன் மறுபடி படுத்து உள்ளே நகர்ந்தான். கம்பியில் ஸ்பேனரை மாட்டினான். பல வருடம் பழகிய கை. கேட்காமலே சரியான பக்கம் திரும்பியது. அரைச் சுற்று. ஒன்று. ஒன்றரை. இன்னும் கொஞ்சம்.

"ம்" என்றாள் அண்ணி, காரின் பின்னாலிருந்து. "எரியுது."