குதிகால் படும் உயரம்

“அந்தக் காரை எடுத்துடுங்க. அம்மாவுக்கு ஸ்கூட்டர்தான் வேணும்,” என்றாள் ஷாவ்ரோங்.

பந்தலில் காகிதத் தாமரை மடித்துக்கொண்டிருந்த கைகள் நின்றன. காகிதக்காரர் லியாவ் படப் புத்தகத்தை விரித்தபடியே வைத்திருந்தார். அதில் ஒரு கறுப்புக் கார். முன் சீட்டில் வெள்ளைக் கையுறை போட்ட டிரைவர் பொம்மை. காகித வீடு, காகிதக் கார், வேலைக்காரப் பொம்மைகள் எல்லாம் சேர்ந்து ஒரு செட். அடக்கத்துக்கு முன்னால் கொளுத்தினால் அம்மாவுக்குப் போய்ச் சேரும்.

அத்தை எழுந்தே விட்டாள். காலையில் ஷாவ்ரோங்கை வாசலில் நிறுத்தி அவள் சொன்னது இது ஒன்றுதான்: “அழு, கத்து, என்ன வேணா பண்ணு. வண்டிங்கிற பேச்சு மட்டும் இந்த வீட்டுல எடுக்காத. எதையும் கேக்காத. என் தம்பி தாங்கமாட்டான்.” சொல்லிவிட்டுத்தான் தவழச் சொன்னாள். உயிர் போகும்போது பக்கத்தில் இல்லாத பெண், தெருவிலிருந்து முட்டி போட்டுத் தவழ்ந்துதான் உள்ளே வரவேண்டும். ஷாவ்ரோங் தவழ்ந்தாள். சிப்பி ஓட்டுத் துணுக்கு ஒன்று முட்டியைக் கிழித்தது. அதை யாரும் கவனிக்கவில்லை.

“செத்ததே வண்டியிலிருந்து விழுந்து. அதையே கொளுத்தி அனுப்பணும்ங்கிற. காலேஜ்ல இதான் சொல்லிக் குடுத்தாங்களா?”

“அம்மா விழுந்தது ஸ்கூட்டர்லேர்ந்து இல்ல அத்தை. அப்பாவோட வண்டியிலேர்ந்து.”

“எல்லாம் ஒண்ணுதான்.”

“ஒண்ணு இல்ல.”

அந்தக் குடும்பத்தில் முதன்முதலில் கல்லூரிக்குப் போனவள் ஷாவ்ரோங். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ளாதவர் அங்கே இல்லை, அவள் வாயைத் திறக்காதவரை.

ஒண்ணு இல்லை என்று அவளுக்குத் தெரியும். புத்தாண்டு விடுமுறையில் அவளும் அம்மாவும் டவுனுக்குப் போய் வண்டி பார்த்தார்கள். சிப்பி உடைக்கும் கொட்டகைக்குப் போக, வர, சந்தைக்குப் போக, எதற்கும் அம்மா ரோட்டோரம் நின்று அப்பாவுக்காகக் காத்திருப்பாள். அவர் சீட்டாட்டத்தில் உட்கார்ந்துவிட்டால் மழையிலும் நிற்பாள். “எனக்கே எனக்குன்னு ஒண்ணு வேணும்டி” என்று அவள் சொன்னது ஐம்பத்து நாலு வயதில்.

கடையில் அம்மா ஒவ்வொரு வண்டியிலும் ஏறி உட்கார்ந்தாள். கொட்டகையிலிருந்து நேராக வந்ததால் காலில் ரப்பர் பூட்ஸ். எல்லாவற்றிலும் கால் நுனிதான் எட்டியது. கடைசியில் வெளிர்ப்பச்சையில் ஒரு குட்டி வண்டி. அதில் உட்கார்ந்ததும் இரண்டு குதிகாலும் தரையில் பட்டன. அம்மா அசையாமல் அப்படியே இருந்தாள்.

“அக்கா, அது ஸ்கூல் பொண்ணுங்க ஓட்டுறது,” என்றான் கடைக்காரன்.

“நானும் இப்பதானே சேந்திருக்கேன்,” என்றாள் அம்மா.

ஷாவ்ரோங் அன்றைக்கே வாங்கிவிடலாம் என்றாள். அம்மாதான், அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்று இழுத்தாள். அப்பா சிரித்தார். “அது பொம்மை வண்டி. ரெண்டு கூடை சிப்பி ஏத்தினா உக்காந்துடும். என் வண்டியிலயே பழகு. கனமானதுல பழகினா அப்புறம் எதையும் ஓட்டலாம்.” கிளட்சும் கியருமாக, கூடை சுமந்து சுமந்து இறுகிப்போன ஆம்பிளை வண்டி அது. அதில் ஏறாதே என்று ஷாவ்ரோங் போனில் சொன்னாள். கத்தியும் பார்த்தாள். “உங்கப்பா கூடவே இருக்கார்டி” என்றாள் அம்மா.

கோயில் மைதானத்தில் வண்டி சாய்ந்திருக்கிறது. கால் எட்டவில்லை. பயத்தில் கை ஆக்சிலேட்டரை முறுக்கியிருக்கிறது. எதிரே கல் சிங்கம்.

“மாமா, நீங்க சொல்லுங்க,” என்றாள்.

அம்மாவின் அண்ணன் மூலையில் டீயோடு உட்கார்ந்திருந்தார். செத்தவள் பெண் என்றால், கூடப்பிறந்தவன் வந்து முகம் பார்த்துத் தலையாட்டாமல் பெட்டியை மூட முடியாது. அவர் வேண்டாம் என்றால் எதுவும் நடக்காது. காலையில் அவர் வந்து இறங்கியபோது அப்பா ரோட்டிலேயே மண்டியிட்டார். மாமா ஓங்கி ஒன்று வைப்பார் என்று ஷாவ்ரோங் எதிர்பார்த்தாள். வைக்கட்டும் என்றும் இருந்தது. அவரோ அப்பாவின் தோளைப் பிடித்துத் தூக்கிவிட்டு, அவர் முட்டியிலிருந்த மண்ணைத் தட்டிவிட்டார்.

இப்போதும் அவர் அவசரப்படவில்லை. “காரே இருக்கட்டும்மா.”

“அம்மா கார் கேக்கல மாமா.”

“அவ என்னைக்கு எதைக் கேட்டா? வாழ்நாள் பூரா ரோட்டோரம் நின்னு காத்துக்கிட்டே இருந்தா. இனிமே அவளுக்காக ஒருத்தன் காத்திருக்கட்டும். கதவைத் திறந்து விடட்டும். அவ எதையும் பிடிக்க வேணாம், முறுக்க வேணாம்.” டீயை ஒரு வாய் குடித்தார்.

மாமா அதைக் கெட்ட மனசோடு சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தலாம்.

“அவங்க கேட்டாங்க. ஒரே ஒரு தடவை கேட்டாங்க,” என்றாள். யார் காதிலும் விழுந்ததாகத் தெரியவில்லை. அம்மா கிடந்த ஐஸ் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. அதன் மேல் வைத்திருந்த சின்ன ஒலிப்பெட்டி, நிற்காமல் புத்தர் பேரைப் பாடிக்கொண்டிருந்தது.

லியாவ் புத்தகத்தை மூடினார். “சின்ன வண்டி செய்யலாம் பாப்பா. மூங்கில்ல நிஜ வண்டி அளவுக்கே கட்டலாம். ஆனா வீட்டு ஆம்பளைங்க சொல்லணும்.”

“நான் சொன்னா ஆகாதா?”

அவர் அத்தையைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார். “பட்டறை சந்தைக்குப் பின்னாலதான். பெரியவங்க பேசி முடிவு பண்ணிச் சொல்லி அனுப்புங்க,” என்று பொதுவாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஷாவ்ரோங் பின்கட்டுக்குப் போனாள். சிப்பி ஓட்டுக் குவியலுக்குப் பக்கத்தில் அந்த வண்டி, மேலே தார்ப்பாய் போட்டுச் சுவரில் சாய்த்திருந்தது. அப்பா குந்தி உட்கார்ந்து, ஏற்கெனவே கழுவி வைத்திருந்த கூடைகளை மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தார்.

“நீயும் வந்து சொல்லேன்பா. கார்தான்னு சொல்லு. எல்லாரும் சொல்லியாச்சு.”

அவர் நிமிரவில்லை. குழாய்த் தண்ணீர் கூடைக்குள் விழுந்து இடுக்குகளில் வெளியேறியது.

“நான் பின்னாடி பிடிச்சுக்கிட்டுதான் ஓடினேன்,” என்றார்.

அவள் தார்ப்பாயைப் பார்த்தாள்.

“கேரியரைப் பிடிச்சுக்கிட்டே மைதானத்தைச் சுத்தி ஓடினேன். எனக்கு மூச்சு வாங்குது, அவளுக்குச் சிரிப்பு. நல்லாத்தான் ஓட்டினா. விடு, விடு, நானே ஓட்டுறேன்னு கத்துறா. சிரிச்சுக்கிட்டே கத்துறா.” ஈரக் கையைத் திருப்பிப் பார்த்தார். “விட்டுட்டேன்.”

பஸ்ஸில் வரும் வழியெல்லாம் அவள் சொற்களைச் சேர்த்துக்கொண்டே வந்திருந்தாள். ஒவ்வொன்றும் அவர் முகத்தில் எறிவதற்கென்றே. இப்போது ஒன்றைக்கூட எடுக்க முடியவில்லை. கோபம் குறைந்துவிடவில்லை. அதைக் கொண்டுபோய் வைக்க இடம்தான் இல்லாமல் போனது. அம்மா சிரித்த முகம் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்தாள். யோசித்திருக்கக் கூடாது.

கதவோரம் அம்மாவின் ரப்பர் பூட்ஸ் இருந்தது. விழுந்த அன்று அவள் காலிலிருந்து கழற்றி வைத்தது. அடியில் மைதானத்துச் சேறு. ஷாவ்ரோங் குனிந்து இரண்டையும் கையில் எடுத்தாள்.

“எங்க போற?”

“பட்டறைக்கு. அளவு காட்டணும்.”

அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. அவள் நிலைப்படியைத் தாண்டியதும் குரல் வந்தது.

“ரோங்... அந்த டிரைவர் பொம்மையை மட்டும் வேணாம்னு சொல்லிடாத. கொளுத்தும்போது பொம்மைங்களுக்குப் பேர் வச்சு, இன்ன வேலை செய்யணும்னு சொல்லுவாங்கல்ல. அதுகிட்ட சொல்லணும். பின்னாடி பிடிச்சுக்கிட்டே ஓடணும்னு சொல்லணும்.” குழாயை நிறுத்தினார். “அவ விடுன்னு சொன்னாலும் விடக்கூடாதுன்னு.”

அவள் திரும்பிப் பார்த்தாள். குந்தியிருந்த அந்த ஆள் இவ்வளவு சின்னவராக எப்போது ஆனார் என்று தெரியவில்லை.

“குதிகால் தரையில பட்டா யாரும் பிடிக்க வேண்டியதில்லப்பா.”

பந்தல் வழியாகவே நடந்தாள். அத்தை தாமரைக் கூடையைத் தள்ளிவிட்டு எழுந்தாள். “எங்கடி கிளம்பிட்ட? சட்டையில துக்கத் துணி இருக்கு. அதோட யார் வாசப்படி ஏறுவ? எவன் உன்னை உள்ள விடுவான்?” மாமா டீக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அவளையே பார்த்தார். சரி என்று தலையாட்டவும் இல்லை, வேண்டாம் என்று அசைக்கவும் இல்லை.

அவள் நிற்கவில்லை. வலது சட்டைக் கையில் குத்தியிருந்த சணல் துணியை அவிழ்க்கவும் இல்லை. அந்தக் கையில்தான் பூட்ஸ் இருந்தது. நடக்க நடக்க அவை ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. அடியில் காய்ந்திருந்த சேறு பொடிப்பொடியாக ரோட்டில் உதிர்ந்துகொண்டே போயிற்று.