டமாரம் திரும்பும் பக்கம்

"இன்னா பாத்துகினு கீற? கையை உள்ள வுடு" என்றாள் சசிரேகா. அவள் நீட்டியது டமாரத்தை. டமாரம் ஒரு துணிக் கழுதைக்குட்டி. ஞாயிற்றுக்கிழமை காலையில் டிவி முன்னால் உட்காரும் பிள்ளைகளுக்கு அது பெரிய ஆள். அதன் வயிற்றுக்குள் ஆறு வருஷமாக இருப்பது சசிரேகாவின் கை என்று ஒரு பிள்ளைக்கும் தெரியாது. அதில் அவளுக்கு வருத்தமில்லை. இன்னொருத்தி கை அதற்குள் போகிறதே, அதுதான் வயிற்றெரிச்சல்.

வடக்குப்பட்டில் கார் உதிரி பாகங்கள் அடுக்கியிருந்த குடோன்தான் இப்போது ஸ்டுடியோ. ஃபேக்டரி ஷிஃப்டை விட்டுவிட்டு இங்கே துணி தைக்க வந்தவள் சசிரேகா. பொம்மையாட்டுகிறவர் வராத ஒருநாள் கையை நுழைத்தாள், அப்புறம் எடுக்கவே இல்லை. இந்த வருஷம் கம்பெனி புதுசாகப் பயிற்சிக்கு ஆள் எடுத்து, ஒவ்வொருவரையும் ஒரு பழைய ஆளோடு மூன்று மாதம் ஒட்டவிட்டது. இவள் தலையில் விழுந்தவள் மண்ணூர் ஷெர்லின். இருபது வயது. வந்த அன்றே டமாரத்தின் வாயை அசைத்து, "சசிக்கா, துன்னியா?" என்று கேட்க வைத்தாள். டைரக்டர் ராஜசேகர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். அடேயப்பா, ஆறு வருஷத்தில் அந்த மனுஷன் இவளுக்காக அப்படி ஒரு தடவை சிரித்திருப்பாரா? மூன்று மாதம் முடிந்ததும் டமாரத்துக்குள் யார் கை என்று சொல்லப்போகிறவரும் அவர்தான்.

சசிரேகா எல்லாம் சொல்லிக்கொடுத்தாள், ஒன்றைத் தவிர. பலகைக்குக் கீழே மண்டியிட்டு, கையைத் தலைக்கு மேலே தூக்கி, ஷூட்டிங்கில் மட்டும் எதிரே வைக்கும் டிவியில் கேமரா காட்டும் படத்தைப் பார்த்தபடி ஆட்ட வேண்டும். அந்த டிவி முகம் பார்க்கும் கண்ணாடி மாதிரி காட்டாது. கை வலப்பக்கம் போனால் டிவியில் டமாரம் இடப்பக்கம் போகும். அதைப் பழக அவளுக்கு எட்டு மாதம் பிடித்தது.

"வேற ஏதாச்சும் கீதாக்கா?"

"அவ்ளோதான்."

ஒருதரம் அசிங்கப்படட்டும், அப்புறம் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தாள்.

மறுநாள் முப்பது பள்ளிக்கூடப் பிள்ளைகள் முன்னால் ஷூட்டிங். வாழைப்பழம் எங்கே என்று கேட்டதும் டமாரம் அதைத் திரும்பிப் பார்க்க வேண்டும். ஷெர்லின் கை நேர் எதிர்ப்பக்கம் திரும்பியது. "அந்தாண்ட! அந்தாண்ட!" என்று பிள்ளைகள் கத்தினார்கள். அவள் பதறித் திருப்ப, டமாரம் இன்னும் தள்ளிப்போய்ப் பலகையில் முட்டிக்கொண்டது. பிள்ளைகள் தரையில் உருண்டு சிரித்தார்கள். சசிரேகாவின் நெஞ்சு குளிர்ந்தது. கட் சொல்லட்டும் என்று காத்திருந்தாள். ராஜசேகர் சொல்லவே இல்லை.

"இதான்யா வேணும்! பழம் எங்கன்னு கழுதைக்குத் தெரியல, பசங்களுக்குத் தெரியுது. யாரு சொல்லிக்குடுத்தது?"

ஷெர்லின் வேர்த்த முகத்தோடு எழுந்தாள். தப்பு செய்துவிட்டோம் என்றே நினைத்திருந்தவள் முகம் மலர்ந்தது. "எல்லாம் சசிக்காதான் சார்."

சசிரேகாவுக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. சொல்லாததற்குப் போய் நன்றி சொல்கிறாளே!

"அப்ப மாம்பழ சீனை நீயே பண்ணு, சசி. அதே மாதிரி."

மண்டியிட்டாள். கையைத் தூக்கினாள். மாம்பழம் எங்கே என்றார்கள். தப்பாகத் திரும்பு, தப்பாகத் திரும்பு என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே திருப்பினாள். டமாரம் நேராக மாம்பழத்தைப் பார்த்தது. மறுபடி. மறுபடியும் மாம்பழம். மூன்றாவது தடவை பல்லைக் கடித்துக்கொண்டு திருப்பினாள். கை கேட்கவில்லை.

பிள்ளைகள் சிரிக்கவில்லை. முன்வரிசையில் ஒரு பெண் குழந்தை பக்கத்துப் பிள்ளையிடம் சொன்னது நன்றாகக் கேட்டது.

"ஐய, இது வேற டமாரம்."

டிவியில் டமாரம் வாயைத் திறந்தபடி மாம்பழத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.