முழு வேகத்தில் நின்றுபோகும் எஞ்சின்

எஞ்சின் மறுபடியும் நின்றுவிட்டது. மெதுவாக ஓடவிட்டால் தையல் மிஷின் மாதிரி ஒழுங்காக ஓடும். பாதி வேகத்திலும் குறை சொல்ல முடியாது. ரிமோட்டில் குச்சியை முழுசாக மேலே தள்ளினால் மட்டும் வீறிட்டுக் கிளம்பி, யாரோ தொண்டையை நெரித்த மாதிரி அடங்கிவிடும்.

செந்தமிழ்ச்செல்வி ரிமோட்டில் பறக்கும் தன் சின்ன விமானத்தின் அருகே மண்டியிட்டாள். அவளே கட்டியது. இறக்கை அவள் இரு கைகளையும் விரித்த அகலம். விமானப் பொறியியல் படித்தவள், இப்போது கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் ஆதார் திருத்தமும் வருமானச் சான்றும் போட்டுக்கொடுக்கிறாள். படித்த படிப்பு ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் வெளியே வரும். இதற்கு முந்தைய இரண்டு விமானங்களைக் கரும்புத் தோட்டங்கள் விழுங்கிவிட்டன. அதனால்தான் வெள்ளிமலைக்கு ஜீப் ஓட்டும் அவள் கணவன் கண்ணாயிரம், இங்கே மலைமேல் செவ்வந்தி என்பவளின் அறுத்துப்போட்ட சாமை வயலைக் கேட்டு வைத்திருந்தான்.

"பிளக்க மாத்திட்ட. புது எண்ணெ ஊத்திட்ட. இன்னும் இன்னாதான் கொறையாம் அதுக்கு?" என்றான்.

"வேகம் ஜாஸ்தியானா எண்ணெ பத்தலைங்க. எங்கியோ கம்மியா வருது."

டேங்கில் இருக்கும் எண்ணெயைப் புகையால் அழுத்தித் தள்ள, சைலன்சரிலிருந்து டேங்குக்குப் போகும் குழாயை ஊதிப் பார்த்தாள். அடைப்பு இல்லை. எண்ணெயின் அளவைக் கூட்டிக் குறைக்கும் ஊசித் திருகைக் கொஞ்சம் திறந்தாள். வெள்ளைப் புகை வந்தது. இந்தத் தடவை முழு வேகத்தில் கொஞ்ச நேரம் நின்று ஓடியது. இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள்.

"மூக்கத் தூக்கிப் பாத்துடறேன். மேல ஏறும்போது நின்னுச்சின்னா அவ்ளோதான்."

விமானத்தின் வால் ஜீப்பின் கொக்கியில் கயிறு போட்டுக் கட்டியிருந்தது. ரிமோட் அவள் கழுத்தில் தொங்கியது. குச்சியை உச்சத்தில் வைத்துவிட்டு, விமானத்தின் உடலை இரண்டு கையாலும் பிடித்து மூக்கை உயர்த்தினாள். சத்தம் மெலிந்தது. கூர்மையானது.

"ஏங்க, அந்த ஊசியக் கொஞ்சம் தொறங்க! கால் சுத்து!"

மூக்கில் சுற்றும் விசிறிக்கு முன்னால் நிற்கக் கூடாது, ஊசியைப் பின்னாலிருந்துதான் தொட வேண்டும் என்று ஒவ்வொரு ஞாயிறும் அவனுக்குச் சொன்னவள் அவள்தான். பின்னால் கயிறு குறுக்கே இருந்தது. அவன் முன்பக்கமாகச் சுற்றி வந்து குனிந்து கையை நீட்டினான். அவள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே எஞ்சினைக் கேட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே கடுகு பொரிவதுபோல ஒரு சடசடப்பு. இது கெட்ட சத்தமாயிற்றே என்று நினைத்தாள்.

அவ்வளவுதான் நினைக்க முடிந்தது. ஒரு வெடிச் சத்தம். விமானம் அவள் கைக்குள் உதறியது. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை.

விசிறி இருந்த இடத்தில் விசிறி இல்லை. அதை இறுக்கிப் பிடிக்கும் நட்டும் இல்லாமல் வெறும் தண்டு மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. கண்ணாயிரம் நீட்டிய கையோடு அப்படியே நின்றான்.

"இன்னா ஆச்சி?" என்றான்.

அவன் இடது கண்ணுக்குக் கீழே ஒரு வெள்ளைக் கோடு தெரிந்தது. அவள் பார்க்கப் பார்க்க அது சிவந்தது. பிறகு வாயைத் திறந்ததுபோல் பிளந்துகொண்டு கொட்டியது.

"நட்டக் காணோம்," என்றாள் செல்வி.

சொன்னது தன் வாய்தான் என்று அவளுக்குத் தெரிந்தது. திருப்பி எடுக்க முடியவில்லை. அவள் கட்டைவிரல் ரிமோட்டின் குச்சியைக் கீழே இழுத்துக்கொண்டே இருந்தது. எஞ்சின் எப்போதோ நின்றுபோயிருந்தது.

செவ்வந்திதான் வயலின் கோடியிலிருந்து ஓடி வந்தாள். தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அவன் முகத்தில் வைத்து அழுத்தி, செல்வியின் கையைப் பிடித்து இழுத்து அதன்மேல் வைத்தாள். "புடிச்சிக்கம்மா! பொம்மையாட்டம் நிக்கிறியே! ஆஸ்பத்திரிக்குக் கௌம்புங்க!"

செல்விக்கு ஸ்கூட்டிதான் ஓட்டத் தெரியும். கண்ணாயிரமே ஸ்டியரிங்கைப் பிடித்தான். அவள் நேராக உட்கார முடியாமல் அவன் பக்கமாக ஒருக்களித்து, துண்டை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டாள். துண்டு சூடாக நனைந்தது.

"எடது பக்கம் எனக்கு ஒண்ணும் தெரியல. நீ சொல்லு," என்றான்.

"கொஞ்சம் வலது வாங்க. போதும். பள்ளம் வருது. மெதுவா. எடது வளைவுல எதுத்தாப்ல பஸ்ஸு."

"எங்க? எங்க வருது?"

"நில்லுங்க! நில்லுங்க!"

பஸ் உரசிக்கொண்டு போனது. டிரைவர் தலையை நீட்டித் திட்ட வாயெடுத்து, துண்டைப் பார்த்து அடங்கினார். கண்ணாயிரம் மறுபடியும் கியர் போட்டான். அவன் கை நடுங்கவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸ் வந்து செல்வியின் கழுத்திலிருந்து ரிமோட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள். அதுவரை அது அங்கே இருப்பதே அவளுக்குத் தெரியாது. தையல் போட்ட டாக்டர், "கண்ணு தப்பிச்சுது. ஒரு நக அளவு மேல பட்டிருந்தா..." என்று சொல்லி நிறுத்திக்கொண்டார். அப்போதுதான் கண்ணாயிரத்துக்கு நடுக்கம் வந்தது. கட்டில் கடகடவென்று ஆடும் அளவுக்கு வந்தது. செல்வி அவன் கால்களைப் பிடித்துக்கொண்டாள். அழுகை வரவில்லை. ஏன் வரவில்லை என்றும் தெரியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் விமானத்தைப் பழைய புடவையில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். வேலைக்குப் போனாள், வந்தாள். சமைக்கும்போது குக்கர் விசிலடித்தால் கரண்டியைக் கீழே போட்டாள்.

தையல் பிரித்த பிறகு ஒரு சாயங்காலம் வேலையிலிருந்து திரும்பியபோது, விமானம் கூடத்தின் நடுவில் இருந்தது. கண்ணாயிரம் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான்.

"அது ஏன் நின்னுக்கினே இருந்துச்சி?"

"வுடுங்க. தூக்கிப் போட்டுடலாம்."

"போடு. ஆனா எனக்குத் தெரியணும். என் மூஞ்சி எதால கிழிஞ்சிச்சின்னு எனக்குத் தெரிய வேணாமா?"

அவள் உட்கார்ந்து டேங்கைக் கழற்றினாள். அதன் உள்ளே எண்ணெய் உறிஞ்சும் ரப்பர் குழாய் ஒன்று உண்டு. அதை வெளியே இழுத்து, டேங்கின் முன்பக்கம் அது மாட்டியிருந்த பித்தளை முனையின் அருகே மடக்கிப் பார்த்தாள். அரிசி நுனி அளவுக்கு ஒரு வெடிப்பு. மூக்கு உயரும்போது எண்ணெய் பின்னால் போய், அந்த வெடிப்பு எண்ணெய்க்கு மேலே வந்துவிடும். எண்ணெயோடு காற்றும் போகும். முழு வேகத்தில் எண்ணெய் பத்தாமல் எஞ்சின் கொதித்து, நேரம் தப்பி வெடித்துப் பின்னுக்கு உதைக்கும். அந்த உதையில் நட்டு கழன்றுவிடும்.

கண்ணாயிரம் குழாயை வாங்கி விரலில் வைத்துப் பார்த்தான்.

"இம்மாத்தூண்டா?" என்றான்.

அவனுடைய முகம் வெளிறியது. வயலில் அடிபட்டபோதுகூட இப்படி வெளிறவில்லை.

அவள் குனிந்தபடியே கேட்டாள்: "அன்னிக்கி நட்டக் காணோம்னு சொன்னேன். ஒங்களுக்குக் கோவம் வரலியா?"

"நீயா? எப்ப?"

"ரத்தம் வந்தப்ப. மொதல்ல அதத்தான் சொன்னேன்."

"எனக்கு எதுவும் காதுல வுழல, செல்வி. ஒன் வாய் அசைஞ்சிது. என் பேரக் கூப்புடறன்னு நெனச்சேன்."

அவள் கையிலிருந்த திருப்புளி தரையில் விழுந்தது. இத்தனை நாள் வராத அழுகை அப்போது வந்தது. அவன் அவளைத் தேற்றவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தான்.

அடுத்த ஞாயிறு ஊருக்கு வெளியே, எஞ்சினையும் டேங்கையும் மட்டும் ஒரு கனத்த பலகையில் திருகிவைத்தார்கள். புதுக் குழாய், புது விசிறி, ஒன்றுக்கு இரண்டாக நட்டு. ஊசித் திருகில் நீளமான கம்பியைக் கோத்து, இரண்டு பேரும் பின்னால் தள்ளி நின்றார்கள். செல்வியால் குச்சியைப் பாதிக்குமேல் தள்ள முடியவில்லை. விரல் மறுத்தது. கண்ணாயிரம் அவள் விரல்மேல் தன் விரலை வைத்தான். சேர்ந்து தள்ளினார்கள்.

எஞ்சின் கூவியது. அவன் போய்ப் பலகையின் பின்பக்கத்தை உயர்த்திப் பார்த்தான், தாழ்த்திப் பார்த்தான். பின்பக்கத்தை மிதித்து முன்பக்கத்தையும் உயர்த்தினான். சத்தம் மாறவில்லை. புகை ஒரே கோடாகப் போய்க்கொண்டிருந்தது. டேங்கில் எண்ணெய் இறங்கிக்கொண்டே வந்தது.

எண்ணெய் தீர்ந்ததும் எஞ்சின் நின்றது. நிற்க வேண்டிய விதத்தில்தான் நின்றது. ஆனால் அந்த நொடியில் இரண்டு பேரும் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு தரையில் விழுந்து கிடந்தார்கள்.