மருமகள் சாட்சி சொன்னாளா?

அந்தத் தையல் கம்பெனியின் சாப்பாட்டு அறையில் இரண்டு மேசைகள். ஜன்னலோர மேசை மேட்டுத் தெருக்காரிகளுக்கு, சுவரோர மேசை வாய்க்காலுக்கு அந்தப் பக்கத்துக்காரிகளுக்கு. யாரும் எழுதி ஒட்டவில்லை. ஆனால் மாறி உட்கார்ந்தவர் ஒருத்தர்கூடக் கிடையாது. தைத்த சட்டைகளைச் சரிபார்க்கும் பெரியக்காதான் ஜன்னல் மேசைக்கு ராணி. வாய்க்கால்காரிகள் எதிரே வந்தால் முந்தானையை இழுத்துப் பிடித்துக்கொண்டு ஒதுங்குவாள்.

சுவர் மேசையில் பட்டன் தைக்கும் பெண் ஒரு பழைய நாவலைக் கொண்டுவந்து, சாப்பாட்டு நேரத்தில் உரக்கப் படிக்க ஆரம்பித்தாள். ஒரு சின்ன ஊர். அதில் கீழ்த்தெரு மருத்துவச்சிமேல் பெரிய வீட்டு நகையைத் திருடிய பழி. எடுத்தது அந்த வீட்டு மூத்த மகன். பார்த்தவள் சின்ன மருமகள் மட்டும்.

“என்ன இரைச்சல் அங்க?” என்று முதலில் பெரியக்கா முகம் சுளித்தாள். ஆனால் காது என்னவோ அங்கேயேதான். மருமகள் சாட்சிக் கூண்டில் ஏறிய நேரம் பார்த்து மணி அடித்துத் தொலைத்தது.

அன்று பெரியக்காவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. கை ஒன்று நீளம், ஒன்று குட்டை என்றிருந்த சட்டையைக்கூட ‘சரி’ என்று தள்ளிவிட்டாள். கடைசியில் பட்டன் மெஷின் பக்கம் மெல்லப் போனாள்.

“ஏம்மா, அந்த மருமக உண்மையைச் சொன்னாளா?”

“தெரியாதுக்கா. நான் முன்னாடியே படிக்கறதில்ல.”

“புஸ்தகத்தைக் குடு, ஒரே ஒரு பக்கம் பாத்துட்டுத் தரேன்.”

“அதெல்லாம் முடியாது. நாளைக்கு எங்ககூட வந்து உக்காந்து கேளுங்க.”

என்ன திமிர்! பெரியக்கா விறுவிறுவென்று திரும்பி வந்துவிட்டாள். மறுநாள் பார்த்து ஜன்னலுக்கு வெளியே ஒரு லாரி நின்று உறுமியது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. டப்பாவைத் தூக்கிக்கொண்டு எழுந்தாள்.

“அக்கா, எங்க போறீங்க?” பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் ஓரகத்தி பதறினாள்.

“வாயை மூடு. கேக்க விடு.”

சுவர் மேசை பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டார்கள். பட்டன் பெண் படித்தாள். மருமகள் மாமியாரைப் பார்த்தாள், புருஷனைப் பார்த்தாள். “நான் எதையும் பார்க்கவில்லை” என்றாள்.

“அடிப்பாவி!” பெரியக்கா மேசையை ஓங்கி அறைந்தாள். “கண்ணால பாத்துட்டு இப்படிப் புளுகுறியே, நீயெல்லாம் ஒரு பொம்பளையா?” கத்தியதில் தொண்டை வறண்டது. கைக்கு எட்டிய பாட்டிலைத் தூக்கி மடமடவென்று குடித்தாள்.

அது பட்டன் பெண்ணின் பாட்டில்.

பாட்டிலை இறக்கிய பிறகுதான் பெரியக்காவுக்கு அது உறைத்தது. ஓரகத்தி வாயில் போட்ட கவளத்தை விழுங்க மறந்தாள். பட்டன் பெண் சிரிக்கவில்லை. இதோ துப்பப்போகிறாள் என்று காத்திருப்பவள் மாதிரி பார்த்தாள். அந்தக் கண்களை இத்தனை கிட்டத்தில் பெரியக்கா பார்த்ததே இல்லை. மனசை என்னவோ செய்தது. இன்னொரு மடக்கு குடித்தாள்.

“ரொப்பித் தரேன். நீ படி.”

ஓரகத்தி சில நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு, “சும்மா, காத்து வாங்க வந்தேன்” என்று ஜன்னலே இல்லாத அந்தச் சுவரோரம் அவளும் வந்து ஒட்டிக்கொண்டாள். ஒவ்வொருத்தியாக வர, இப்போது அங்கே முழங்கை வைக்க இடமில்லை. தினமும் சண்டை வேறு.

“அந்த மருமகளை மன்னிக்கவே கூடாது!” என்கிறாள் பெரியக்கா.

“பயந்துட்டாக்கா. பயந்தவ மறுபடி வாயைத் தொறக்க மாட்டாளா?” என்கிறாள் பட்டன் பெண்.

“தொறக்கட்டும், அப்புறம் பாக்கலாம். சீக்கிரம் பக்கத்தைத் திருப்புடி!”