கை எட்டாத இடம்

"உங்க அக்கா கார் தெருமுனைக்கு வந்தாச்சாம். சீக்கிரம்ங்க" என்றாள் மனைவி.

இடது கையை நுழைத்தாகிவிட்டது. வலது கைதான் மக்கர் செய்தது. விடியற்காலையில் தூக்கத்திலேயே போய்விட்ட அப்பாவுக்கு வெள்ளைச் சட்டை மாட்டிக்கொண்டிருந்தான் மகன். மருந்துக் கடையில் வேலை. அங்கே அவனுக்குப் 'பாதி டாக்டர்' என்று பெயர். தோளைப் பிடித்து அப்பாவை ஒருக்களிக்க வைத்தான். அப்போதுதான் அந்த முதுகைப் பார்த்தான்.

கழுத்து, தோள், இடுப்பு எல்லாம் மெத்தென்று இருந்தன. நடுமுதுகு மட்டும் வெயிலில் வெடித்த களிமண் மாதிரி செதில் செதிலாக. அதன் குறுக்கே சிராய்ப்புகள். சில காய்ந்தவை, சில நேற்றையவை. எல்லாம் நேர்கோடு. அப்பா கட்டட வரைபடம் போட்டுப் பிழைத்தவர். அவருடைய இரும்பு ஸ்கேல் தலையணைக்கு அடியில் எதற்கு என்று அவன் கேட்டதே இல்லை.

மனைவியும் பார்த்தாள். பார்த்ததும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"நீ அப்பப்ப தடவி விடலையா?" என்றான். கேட்டு முடிப்பதற்குள் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"மாமா என்கிட்ட முதுகைக் காட்டுவாரா?" என்றாள் அவள், திரும்பாமலே.

அரிப்புக்கென்று ஓட்ஸ் கிரீம் வாங்கி வந்தது அவன்தான். கடையிலேயே பெரிய டப்பா. அப்பா மோந்து பார்த்துவிட்டு, "வயித்துக்குள்ள போக வேண்டியதை வெளியில பூசச் சொல்றியே, பாதி டாக்டர்னு சரியாத்தான் பேர் வச்சிருக்காங்க" என்று சிரித்தார். பிறகு ஒருநாள் குளித்த துண்டோடு அறை வாசலில் வந்து நின்று, "டேய், நடுவுல மட்டும் எட்டல..." என்று ஆரம்பித்தார். அவன் போனில் சரக்கு விஷயம் பேசிக்கொண்டிருந்தான். 'அப்புறம்' என்று கையைக் காட்டினான். அப்பா மறுபடி கேட்கவில்லை. "தடவியாச்சா?" என்று இவன் கதவுக்கு வெளியிலிருந்து கேட்பதும், "ஆச்சு, ஆச்சு" என்று உள்ளேயிருந்து பதில் வருவதும் வழக்கமாகிப் போனது.

கடைக்கு வருகிறவர்களிடம் மட்டும் விலாவாரியாகச் சொல்வான்: "குளிச்ச ஈரம் முழுசா காயறதுக்குள்ள தடவிடுங்க. முதுகுக்கு வீட்டுல யாரையாவது தடவச் சொல்லுங்க."

பொத்தான்களைக் கழுத்துவரை போட்டான். கடைசிப் பொத்தான் மாட்டியதும்தான் மூச்சு வந்தது. அப்படி மூச்சு வந்ததை நினைத்து உடனே கூசிப் போனான்.

அக்கா வந்தாள். அழுது ஓய்ந்ததும், கட்டிலில் உட்கார்ந்து அப்பாவின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள்.

"போன தடவை வந்தப்ப சொரசொரன்னு இருந்துச்சு. இப்ப எவ்ளோ மெத்துனு இருக்கு பாரு. நல்லா பாத்துக்கிட்டடா."

அவன் வாயைத் திறக்கவில்லை. திறக்காமல் நின்றதே, ஆமாம் என்று சொன்ன மாதிரி ஆயிற்று.

"இது என்ன, மேனேஜர் மாதிரி வெள்ளைச் சட்டை? காலர் குத்துதுன்னு இதைத் தொடவே மாட்டாரே. அந்தப் பழைய நீலத்தை எடு, மாத்திடலாம்."

"வேணாம்க்கா. விடு."

"ஏன்?"

"ஆளுங்க வந்துடுவாங்க."

"வரட்டும். போறப்பவாவது உறுத்தாம போகட்டும்."

அக்கா பொத்தான்களைக் கழற்ற ஆரம்பித்துவிட்டாள். அவன் மனைவியைப் பார்த்தான். அவள் நீலச் சட்டையைக் கொண்டுவந்து கட்டிலில் வைத்துவிட்டு, அறையை விட்டு வெளியே போய்விட்டாள்.

"நிமித்திப் பிடிடா."

அப்பாவைத் தூக்கித் தன் நெஞ்சில் சாய்த்துப் பிடித்தான். அவருடைய தாடை அவன் தோளில் கனத்தது. வெள்ளைச் சட்டை பின்பக்கம் சரிந்து இறங்கும் சத்தம் கேட்டது.

"இது..." என்றாள் அக்கா.

"கேட்டாருக்கா. ஒரு தடவை என்கிட்ட கேட்டாரு."

திட்டுவாள் என்று காத்திருந்தான். திட்டித் தொலைத்தால் தேவலை என்றிருந்தது.

அவள் நீலச் சட்டையை உதறினாள். ஒரு கையை நுழைத்தாள். மறு கையையும் நுழைத்தாள். பிறகு, துணி அந்த நடுமுதுகில் பட்டுவிடாமல் விரல்களால் கூடாரம் போலத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மெல்ல, மிக மெல்லக் கீழே இறக்கினாள்.