ஃப்யூஸ் கட்டை

பட்டனை அமுக்கினால் ஃபேன் சுற்றியது, பச்சை விளக்கு எரிந்தது, திரை மட்டும் கறுப்பாகவே கிடந்தது. கொஞ்ச நேரத்தில் பெட்டிக்குள்ளிருந்து நீளமாக ஒரு 'கீங்' சத்தம் கிளம்பி, விட்டு விட்டு அடித்தது. அகிலா அணைத்துவிட்டு மறுபடி போட்டாள். மறுபடியும் அதேதான்.

பதினோரு மணிக்கு டெஸ்ட். திருப்பதியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியின் பில்லிங் பிரிவில் வேலை. இன்டர்வியூவை போனிலேயே முடித்துவிட்டார்கள். டெஸ்டை மட்டும் கேமரா வைத்த கம்ப்யூட்டரில், தனி அறையில் உட்கார்ந்து எழுத வேண்டும். செல்போனில் அது திறக்காது. அரை மணி வரை தாமதமாக நுழைய விடுவார்கள், அதற்கு மேல் கிடையாது. நேற்று சாயங்காலம் மாதிரித் தேர்வு எழுதிப் பார்த்தபோது கம்ப்யூட்டர் ஒழுங்காகத்தான் ஓடியது.

"இன்னா, பொட்டி ஊளை உடுது?" என்று கூடத்திலிருந்து காஞ்சனா கேட்டாள்.

காஞ்சனா அகிலாவின் புருஷனுக்கு அக்காள். கட்டியவனை விட்டுவிட்டு ஆந்திரப் பக்க எல்லையூரான நகரியில் இருக்கும் தம்பி வீட்டுக்கு வந்தவள், அப்படியே தங்கிவிட்டாள். வந்த நாளிலிருந்து இரண்டு பேருக்கும் ஆகாது. முந்தாநாள் அகிலா டெஸ்டுக்குப் படித்துக்கொண்டிருந்தபோது அடுப்பில் குழம்பு தீய்ந்துபோனது. "அந்தப் பொட்டிய தூக்கிக் குப்பைல போட்டாத்தான் இந்த ஊட்டுல வாய்க்கு ருசியா துன்ன முடியும்" என்று காஞ்சனா கத்தியதும், அதற்கு அகிலா, "உக்காந்து துன்றவங்களுக்கு ருசி வேற கேக்குதா" என்று திருப்பிக் கொடுத்ததும் தெருவுக்கே கேட்டிருந்தது.

அகிலா ஒவ்வொன்றாகப் பார்த்தாள். திரைக்குப் போகும் ஒயரைப் பிடுங்கிச் செருகினாள். பிளக்கை வேறு பாயின்டில் மாற்றினாள். கீபோர்டு, மவுஸ், கேமரா எல்லாவற்றையும் கழற்றிவிட்டுப் போட்டாள். சத்தம் நிற்கவில்லை. கல்யாணத்துக்கு முன்னால் புத்தூரில் ஒரு பிரவுசிங் சென்டரில் வேலை பார்த்தவள் அவள். இந்தச் சத்தம் என்னவென்று அவளுக்குப் பாதி புரிந்துவிட்டது. ஆனாலும் முதலில் புருஷன் தணிகைவேலுக்குப் போன் செய்தாள். அவன் பக்கத்துத் தெருவில் தன் சொந்தத் தறிக்கொட்டகையில் இருந்தான். பவர்லூம் இரைச்சலுக்கு நடுவே அவன் குரல் வந்தது.

"இன்னா அகிலா?"

"கம்ப்யூட்டர் ஆன் ஆவலிங்க. கொஞ்சம் வந்து பாக்கறீங்களா?"

"ஓல்டேஜ் ப்ராப்ளமா இருக்கும். பழசாச்சே, போயிருக்கும். உடு, இன்னொரு டெஸ்ட் வராமலா போவுது."

வைத்துவிட்டான். அவன் எதற்கும் இவ்வளவு சீக்கிரம் சமாதானம் சொல்கிறவன் இல்லை. அப்போது அது அவள் மனதில் தைக்கவில்லை.

ஸ்க்ரூ டிரைவரை எடுத்து வந்து பெட்டியைப் படுக்க வைத்தாள். ஸ்க்ரூக்கள் கையாலேயே திருகுகிற அளவுக்குத் தளர்ந்திருந்தன. பக்கத் தகட்டை உருவியதும் உள்ளே மாதக்கணக்கான தூசி. ரேம் செருகும் இடத்தில் மட்டும் தூசியில் விரல் பட்டு வழித்த தடம். இரண்டு பக்கமும் கொக்கி திறந்திருந்தது. ரேம் இல்லை. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் நீளமான அந்தப் பச்சைத் தகடு இல்லாமல் கம்ப்யூட்டர் எழுந்திருக்காது. அது தானாகக் கழன்று போகிற பொருளும் இல்லை.

அகிலா ஸ்க்ரூ டிரைவரைத் தரையில் போட்டாள். கூடத்துக்கு வந்தாள். காஞ்சனா முருங்கைக் கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

"எங்க வெச்சிருக்கீங்க அண்ணி?"

"எத்த?"

"பொட்டிக்குள்ள இருந்து எடுத்தீங்களே, அத்த. மரியாதையா குடுத்துடுங்க."

"நான் எதுக்குடி உன் பொட்டிய தொடறேன்?"

"குப்பைல போடணும்னு சொன்னது நீங்கதானே? கட்டினவன் கூடயும் வாழல, வாழறவளையும் உட மாட்டீங்க. திருட்டு வேலை பண்ணிட்டு கீரை உருவிக்கினு உக்காந்திருக்கீங்க!"

காஞ்சனாவின் கை நின்றது. பிறகு தலையை ஆட்டித் தன் அறையைக் காட்டினாள். "போய் தேடு. நல்லா தேடு."

அகிலா தேடினாள். பீரோவைத் திறந்து அடுக்கியிருந்த புடவைகளை உதறி உதறித் தரையில் போட்டாள். தலையணை உறைக்குள் கையை விட்டாள். மருந்து டப்பாவைக் கவிழ்த்தாள். காஞ்சனா வாசற்படியில் சாய்ந்து நின்று, தடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தாள். "அந்த டிரங்குப் பெட்டியையும் பாத்துடு, உள்பாவாடை எல்லாம் அதுல கீது" என்றாள். அகிலா அதையும் பார்த்தாள். எங்கும் இல்லை. புடவைக் குவியலின் நடுவில் மூச்சு வாங்க நின்றாள்.

"முடிஞ்சிதா?" என்றாள் காஞ்சனா. "இப்ப சொல்றேன் கேளு. காலைல நீ குளிக்கப் போனதும் உன் புருசன் என்னாண்ட வந்து ஸ்க்ரூ டிரைவர் எங்கன்னு கேட்டான். நான்தான் எடுத்துக் குடுத்தேன். ஃபேன்ல தூசி அடைச்சிருக்குது, தொடைக்கறேன்னான். என்னமோ சின்னதா பேப்பர்ல சுத்தி எடுத்துக்கினு போனான்."

"இத்த மொதல்லயே சொல்லியிருக்கலாம் இல்ல?"

"நீ கேட்டியா? கேக்கல. திருடின்ன."

போன பொங்கலுக்கு முன்னால் இதே கம்ப்யூட்டர் தகராறு பண்ணியபோது, ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்துப் போட்டவள் அவள்தான். பக்கத்தில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்த தணிகைவேல், "இது இல்லன்னா இன்னா ஆவும்?" என்று கேட்டான். "பொட்டி எழுந்திரிக்கவே எழுந்திரிக்காது" என்று சிரித்துக்கொண்டே சொன்னதும் அவள்தான். இன்று காலை தறிக்குக் கிளம்பும்போது, "நல்லா எழுது" என்று சொல்லிவிட்டுத்தான் அவன் போனான். அப்போது அது அவன் பையில் இருந்திருக்க வேண்டும்.

செருப்பைக்கூடப் போடாமல் நடந்தாள்.

தறிக்கொட்டகையில் எட்டுத் தறியும் ஓடிக்கொண்டிருந்தன. தணிகைவேல் வாசலில் நின்று, யாரோ வியாபாரியிடம், "சாயந்திரம் பம்பிஸ்தானு அண்ணா" என்று சரக்கு அனுப்புவதைப் பற்றித் தெலுங்கில் பேசிக்கொண்டிருந்தான். அவளைக் கண்டதும் போனைக் காதிலிருந்து எடுத்தான்.

"என் ரேம் எங்க?"

"எந்த ரேம்?" என்று சிரித்தான். "எதுக்கு இப்டி ரோட்ல ஓடி வர? ஊட்டுக்குப் போ, மதியம் வந்து பாக்கறேன்."

அவள் அவனைத் தாண்டிக்கொண்டு நடந்தாள். உள்ளே போய் சுவரில் இருந்த மெயின் சுவிட்சைக் கீழே இழுத்தாள். எட்டுத் தறியும் தடதடவென்று இழுபட்டு நின்றன. தறிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூடியைத் திறந்து மூன்று ஃப்யூஸ் கட்டைகளையும் ஒவ்வொன்றாகப் பிடுங்கி முந்தானையில் போட்டு முடிந்தாள்.

"ஏய்! இன்னா பண்ற நீ?"

"தறி ஏன் ஓடலன்னு நீயே பாத்துக்கோ. ஓல்டேஜ் ப்ராப்ளமா இருக்கும்."

கல்யாணமான ஏழு வருடத்தில் முதல் தடவையாக அவள் வாயில் 'நீ' வந்தது. தறிக்காரர்களில் ஒருவர் பீடியை எடுத்துக்கொண்டு மெல்ல வெளியே நழுவினார்.

"நாலு ஆம்பளைங்க எதிர்ல மானத்த வாங்காத அகிலா. கட்டைய குடு."

"நீ நான் குளிக்கும்போது திருடின. நான் உன் கண்ணெதிர்ல எடுக்கறேன். ரேமக் குடு, கட்டைய வாங்கிக்கோ."

அவன் கையை ஓங்கிக்கொண்டு வந்தான். அவள் நகரவில்லை. அடித்தால் அடிக்கட்டும், முடிச்சை விடுவதில்லை என்றே நின்றாள். கை அந்தரத்தில் நின்று, பிறகு இறங்கியது.

"நீ திருப்பதி போய்ட்டா ஊட்ட யாரு பாக்கறது?" என்றான் தணிந்த குரலில்.

"போவாதன்னு ஒரு தடவ வாயத் தொறந்து சொன்னியா?"

"சொன்னா உங்க நைனா சும்மா இருப்பாரா? பொண்டாட்டிய வேலைக்கு உடாதவன்னு ஊரெல்லாம் பேசுவாரு."

"அதனால பொட்டி கெட்டுப்போச்சின்னு சொல்லிடலாம். பழி அது மேல போயிடும், நீ நல்லவனாவே இருந்துக்கலாம்."

அவன் வெளியே போனான். ஸ்கூட்டர் சீட்டைத் தூக்கி, தெலுங்கு நாளிதழில் சுற்றிய சின்னப் பொட்டலத்தை எடுத்து நீட்டினான். அவள் பிரித்துப் பார்த்து, தகட்டின் ஓரங்கள் சரியாக இருக்கின்றனவா என்று வெளிச்சத்தில் திருப்பினாள். பிறகு இரண்டு கட்டைகளை அவிழ்த்து அவன் கையில் வைத்தாள்.

"இன்னொண்ணு?"

"டெஸ்ட் முடியட்டும்."

"ஒரு ஃபேஸ் கரண்ட் இல்லாம மோட்டர் எப்டிடி ஓடும்?"

"ஓடாது" என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

வீட்டில் ரேமைத் துடைத்து, இரண்டு பக்கமும் கொக்கி 'டக்' என்று பிடிக்கும்வரை அழுத்திச் செருகினாள். பட்டனை அமுக்கினாள். சின்னதாக ஒரே ஒரு சத்தம் கேட்டது, திரை வெளுத்தது. டெஸ்ட் பக்கம் திறந்தபோது மணி பதினொன்று இருபது. முதல் கேள்வியைப் படிக்கும்போது எழுத்துகள் ஓடின. கண்ணை மூடித் திறந்து மறுபடி படித்தாள். அப்புறம் ஒன்றும் ஓடவில்லை.

பாதி டெஸ்டில் வாசலில் ஸ்கூட்டர் வந்து நிற்கும் சத்தம். "கட்டையக் குடுக்கச் சொல்லு அவள" என்று தணிகைவேல் கூடத்தில் கத்தினான். "கத்தாதடா. கேமராவுல உன் மூஞ்சி தெரிஞ்சா அதுக்கும் என்னத்தான் திருடிம்பா" என்று காஞ்சனா சொன்னது கேட்டது. அறைக் கதவை யாரும் தட்டவில்லை.

முடித்துவிட்டு வெளியே வந்து கட்டையை மேசைமேல் வைத்தாள். தணிகைவேல் அவள் முகத்தைப் பார்க்காமல் எடுத்துக்கொண்டு போனான்.

அகிலா காஞ்சனாவின் அறைக்குப் போனாள். புடவைகள் போட்டது போட்டபடியே தரையில் கிடந்தன. குனிந்து ஒன்றை எடுத்து மடிக்கத் தொடங்கினாள்.

"தப்புதான் அண்ணி. தெரியாம பேசிட்டேன்."

"தெரிஞ்சிதான் பேசின" என்றாள் காஞ்சனா கட்டிலில் உட்கார்ந்தபடி. "ரேம் விசயம் உனக்குத் தெரியாது, சரி. கட்டினவன் கூட வாழலன்னு சொன்னது தெரியாமலா? கீழ வை. என் துணிய நீ தொடாத."

அகிலா புடவையைக் கட்டிலின் ஓரத்தில் வைத்துவிட்டு வந்தாள்.

அடுத்த வாரம் மத்தியானச் சாப்பாட்டின்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. திங்கட்கிழமை வந்து சேரச் சொன்னார்கள். அவள் தெலுங்கில் பேசி முடிக்கும்வரை தணிகைவேல் தட்டிலிருந்து தலை தூக்கவில்லை. பிறகு பாதிச் சோற்றோடு எழுந்து கை கழுவினான்.

"போறவ போ. பஸ் ஸ்டாண்டுக்கெல்லாம் கொண்டுபோய் உட மாட்டேன்."

"உன்ன நான் கேக்கல" என்றாள் அகிலா.

காஞ்சனா ரசப் பாத்திரத்தைத் தன் பக்கம் இழுத்து ஊற்றிக்கொண்டாள். யாருக்கும் தள்ளி வைக்கவில்லை.