கை முதலில் போன இடம்

அண்ணனுக்குக் கட்டடத்தில் ‘பேட்டரி’ என்று பேர். தம்பிக்குத் தனியாகப் பேர் கிடையாது. ‘பேட்டரியோட தம்பி’ அவ்வளவுதான். புதிதாக எழும்புகிற அடுக்குமாடி வீடுகளில் சமையலறை அலமாரி செய்து மாட்டுவது இருவருக்கும் தொழில்.

பேர் வந்த கதை எல்லோருக்கும் தெரியும். மின்சாரம் இன்னும் வராத கட்டடங்களில் பேட்டரியில் ஓடுகிற வட்ட ரம்பம்தான் கைகொடுக்கும். அண்ணன் அந்த ரம்பத்தின் பிளேடை ஒரு தூசி தட்டுவதற்குத் தொட்டால்கூட, முதலில் பேட்டரியைக் கழற்றித் தரையில் வைத்துவிடுவார். பலகையை ஒருநாளும் முழங்காலில் வைத்து அறுக்க மாட்டார். இரண்டு முக்காலி போட்டு, பலகையை இறுக்கிப் பிடிக்க வைத்து, அறுபட்டு விழப்போகிற துண்டு எந்தப் பக்கம் சாயும் என்று பார்த்து, அதன்பிறகுதான் விசையை அழுத்துவார்.

“பேட்டரி வீட்டுல பொண்டாட்டிகிட்ட பேசுறதுன்னாலும் பேட்டரியைக் கழட்டிட்டுத்தான் பேசுவார்” என்பார் டைல்ஸ்காரர். அண்ணனும் சேர்ந்து சிரிப்பார். சிரித்துக்கொண்டே பேட்டரியைக் கழற்றுவார்.

தம்பிக்கு அந்தப் பொறுமை வாய்க்கவில்லை. கை சுத்தம், கண் சுத்தம், வேலையில் குறை சொல்ல முடியாது. கால்தான் தரையில் நிற்காது.

அன்றைக்கு ஒரு அலமாரிக் கதவு நூலளவு பெரிதாகிப் போயிருந்தது. ஓரத்தில் ஒரு சீவல் எடுத்தால் உட்கார்ந்துவிடும். தம்பி ரம்பத்தை வைத்தான். பிளேடின் அடிப்பாகத்தை மூடியிருக்கிற ஸ்பிரிங் மூடி, மெல்லிய ஓரம் என்பதால், விலகாமல் பலகையிலேயே முட்டி முட்டி நின்றது. இரண்டு தரம் பார்த்தான். மூன்றாம் தரம் எரிச்சல் வந்து, மூடியை மேலே தள்ளி, சந்தில் ஒரு சின்ன மரச்சில்லைச் செருகினான். மூடி திறந்தபடியே நின்றது. சீவல் அழகாக வந்தது. கதவை மாட்டிப் பார்க்கக் கிளம்பினான். சில்லு அங்கேயே இருந்தது.

“டேய், அந்த ரம்பம் ஃப்ரீயா?” என்று அண்ணன் பக்கத்து அறையிலிருந்து கேட்டார்.

“ஃப்ரீதான்ணே. இந்தாங்க” என்று தம்பியே எடுத்து அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனான்.

அண்ணன் ஒரே ஒரு பலகையை அறுத்தார். அறுத்து முடித்து, விசையை விட்டு, மூடி வழக்கம்போல விழுந்து மூடியிருக்கும் என்ற நினைப்பில் ரம்பத்தைப் பக்கவாட்டில் இறக்கினார். பிளேடின் சுழற்சி அடங்கவில்லை. வலது முழங்காலுக்கு மேலே அது இறங்கியது.

சத்தம்கூடப் பெரிதாக இல்லை. “அம்மா” என்று ஒரு குரல், அப்புறம் முக்காலி சாய்கிற ஓசை. தம்பி ஓடி வந்தபோது அண்ணன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மரத்தூள் ரத்தத்தில் ஊறிக் கறுத்துக்கொண்டிருந்தது. ரம்பம் அவர் காலடியில் கிடந்தது, மூடி திறந்தபடியே.

தம்பி குனிந்தான். சில்லைப் பிடுங்கினான். மூடி ‘டப்’பென்று விழுந்தது. சில்லைப் பைக்குள் போட்டுக்கொண்டான். அதற்கப்புறம்தான் “அண்ணே!” என்று கத்தினான்.

அவன் அதை யோசித்துச் செய்தான் என்று சொல்ல முடியாது. அடுப்பைத் தொட்ட விரல் தானாக வாய்க்குப் போவதுபோல, கை போய்விட்டது. டைல்ஸ்காரர்தான் ஓடிவந்து, தன் பெல்ட்டைக் கழற்றித் தொடையில் இறுக்கிக் கட்டினார். “ஏன்டா குத்துக்கல்லாட்டம் நிக்கிறே, வண்டியைக் கூப்பிடு!” என்று அவர் போட்ட சத்தத்தில்தான் தம்பிக்குக் கைகால் ஓடியது.

உயிர் பிழைத்தது. கால் பிழைக்கவில்லை என்று சொல்வதா, பிழைத்தது என்று சொல்வதா? கால் இருந்தது. ஆனால் தசைநாரும் நரம்பும் அறுந்த கால் நீட்டினால் மடங்காது, மடக்கினால் நிமிராது. அலமாரி மாட்டுகிறவன் நாள் முழுக்க உட்கார்ந்தும் எழுந்தும்தான் பிழைக்க வேண்டும். “தரையில உட்கார்ற வேலையை மறந்துடுங்க” என்றார் டாக்டர். எப்படி ஆச்சு என்று கேட்டதற்கு, “என் கவனக்குறைவு” என்றார் அண்ணன். தம்பி கட்டில் ஓரமாகத் தலைகுனிந்து நின்றான்.

கட்டடத்தில் பேச்சு வேறு மாதிரி ஓடியது. “பேட்டரி பேட்டரின்னு ஊரே சொல்லிச்சு. பார்த்தீங்களா?” “ஓவரா ஜாக்கிரதையா இருக்கிறவனுக்குத்தான் இப்படி ஆகும்.” “யானைக்கும் அடி சறுக்கும்யா.” மேற்பார்வையாளர் புது ஆட்களிடம் அண்ணனை உதாரணம் காட்டினார், எப்படி இருக்கக் கூடாது என்பதற்கு. கால் போனதோடு அந்த மனுஷன் ஆயுசுக்கும் சேர்த்து வைத்திருந்த பேரும் போனது. தம்பி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு அறைக்கு அறை பலகை சுமந்தான். ஒவ்வொரு தரமும் உண்மை தொண்டை வரைக்கும் வரும். விழுங்கிவிடுவான். விழுங்கி விழுங்கிச் சோறு இறங்காமல் போயிற்று.

வேலை முடிந்ததும் தினமும் அண்ணன் வீட்டுக்குப் போவான். அண்ணனைத் தாங்கிப் பிடித்துக் குளியலறைக்கு நடத்துவான், கட்டில் உயரத்தைக் கூட்ட அடியில் கட்டை வைத்துக் கொடுப்பான். அண்ணன் ஒரு வார்த்தை பேச மாட்டார். ஜன்னலைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பார். அண்ணிதான், “உங்களை மாதிரி ஒரு கூடப்பொறந்தவன் எந்த வீட்டுல இருக்கான் தம்பி” என்பாள். அந்தச் சொல் அவனை ரம்பத்தைவிட ஆழமாக அறுத்தது.

ஒருநாள் சாயங்காலம் அண்ணி துணி எடுக்க மாடிக்குப் போயிருந்தாள். தம்பி கட்டில் பக்கத்தில் உட்கார்ந்தான்.

“அண்ணே, ஒண்ணு சொல்லணும்.”

அண்ணன் திரும்பவில்லை.

“அன்னைக்கு ரம்பத்து மூடியில நான்தான் கட்டை வெச்சிருந்தேன். எடுக்க மறந்துட்டேன். என்னாலதான் எல்லாம்.” சொன்னதும் அவனுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

அவன் அழுது ஓயும்வரை அண்ணன் காத்திருந்தார். பிறகு நிதானமாகச் சொன்னார்.

“தெரியும்.”

“தெரியுமா?”

“கட்டை வெச்சதை நான் பெருசா எடுத்துக்கலடா. எந்த ரம்பத்தைக் கையில வாங்கினாலும் மூடி மூடுதான்னு தள்ளிப் பார்த்துட்டுத்தான் ஓட்டுவேன். அன்னைக்கு, கொடுத்தது தம்பி கைன்னு பார்க்காம விட்டேன். அது என் தப்பு. டாக்டர்கிட்ட நான் பொய் சொல்லல.”

அண்ணன் இப்போதுதான் அவன் பக்கம் திரும்பினார்.

“நான் சுவத்துல சாஞ்சு கிடந்தேன். கண்ணு திறந்துதான் இருந்துச்சு. நீ ஓடி வந்தே. எனக்கு நிம்மதியா இருந்துச்சு, தம்பி வந்துட்டான்னு. உன் கை முதல்ல எங்க போச்சு?”

தம்பி தன் கையைப் பார்த்தான்.

“என் கால்ல ரத்தம் கொட்டுது. நீ அந்தக் கட்டையைப் பிடுங்கிப் பையில போட்டே. அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தே.” அண்ணன் குரல் ஏறவே இல்லை. “ராத்திரி பகலா இதை யோசிச்சுப் பார்க்கிறேன். பயத்துல செஞ்சிருப்பான்னு எனக்கு நானே சொல்லிக்கிறேன். மனசு ஒத்துக்க மாட்டேங்குது.”

“அண்ணே, என்னை அடிங்கண்ணே. ரெண்டு அறை விடுங்க.”

“அடிச்சா உனக்குத் தீர்ந்துடும். இப்பச் சொன்னதுலயே உனக்குப் பாதி பாரம் இறங்கியிருக்கும். எனக்கு என்ன இறங்குச்சு, சொல்லு?” அவர் மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். “உன் அண்ணிகிட்ட சொல்லாதே. அவளுக்காவது ஒரு கொழுந்தன் இருக்கட்டும். நீ இனிமே இங்க வர வேண்டாம். தூரத்துல வேலைன்னு நான் சொல்லிக்கிறேன்.”

அண்ணி துணிக்கூடையோடு இறங்கி வந்தபோது தம்பி வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தான். “சாப்பிட்டுப் போங்க தம்பி” என்றாள். “இல்ல அண்ணி, வேலை இருக்கு” என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டே படி இறங்கினான்.

தெருவில் நடக்கும்போது அவனுக்கு ஒன்றே ஒன்று மட்டும் மிச்சம் இருப்பதாகத் தோன்றியது. காலைத் திருப்பிக் கொடுக்க முடியாது. பேரையாவது திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

மறுநாள் டீ வந்த நேரத்தில் எல்லோரும் மாடிப்படியில் உட்கார்ந்திருந்தார்கள். தம்பி நின்றபடியே சொன்னான்.

“எங்க அண்ணன் எந்தத் தப்பும் பண்ணல. மூடியில கட்டை செருகினது நான். அப்படியே அவர் கையில கொடுத்ததும் நான். யாரும் பார்க்கறதுக்கு முன்னாடி கட்டையை எடுத்து மறைச்சதும் நான்தான்.”

டைல்ஸ்காரர் எழுந்து வந்தார். திட்டப்போகிறார், ஓங்கி ஒன்று விடப்போகிறார் என்று தம்பி ஏங்கிக்கொண்டு நின்றான். அவர் அவன் தோளைத் தொட்டார்.

“போதும்டா. நாங்க இனிமே அவரைப் பத்தி ஒண்ணும் பேசல. அதுக்காக இப்படியெல்லாம் உன் தலையில போட்டுக்காதே.”

“இல்லீங்க, சத்தியமா நான்தான்—”

“அன்னைக்கு அந்த ரம்பத்தை நானே எடுத்து வெச்சேன்டா. மூடி நல்லா மூடித்தானே இருந்துச்சு.” அவர் மற்றவர்கள் பக்கம் திரும்பினார். “பார்த்துக்கோங்கய்யா. அண்ணன் பேரைக் காப்பாத்தப் பழியைத் தான் சுமக்கிறான். தம்பின்னா இவன்தான் தம்பி.”

மேற்பார்வையாளர்கூடத் தலையை ஆட்டினார். யாரோ ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். தம்பி இன்னொரு தரம் சொன்னான், குரல் உடைந்து சொன்னான். சொல்லச் சொல்ல அவர்கள் முகத்தில் இரக்கம்தான் கூடியது. கடைசியில் அவன் நிறுத்திக்கொண்டான். படியில் நகர்ந்து அவனுக்கு இடம் விட்டார்கள். ஒருவர் டம்ளரை நீட்டினார். கை நீட்டி வாங்கிக்கொள்வதைத் தவிர அவனுக்கு வேறு வழி தெரியவில்லை.